காணாமல்போன தந்தையும் பிளக்டவுண் காணியும்: பிராங்க் லோவியின் கதை

மேற்கு சிட்னியில் உறவினர் இருக்கும் எவருக்கும் பிளக்டவுண் என்ற பெயர் புதிதாக இருக்காது. வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று ரயில் பாதையோரம் வரிசையாக வரும் ஊர்களில் இலங்கைத் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். அதே பாதையில் சற்றுத் தள்ளி வரும் பெரிய நகரம்தான் பிளக்டவுண். 1950களின் நடுப்பகுதியில் அங்கே ஒரு சிறிய உணவுக்கடை இருந்தது. பதப்படுத்திய இறைச்சி, பாற்கட்டி, ஐரோப்பியர் விரும்பும் கோப்பி ஆகியவற்றை விற்ற கடை. அதை நடத்திய இருவரும் ஹங்கேரி மொழி பேசிய யூதர்கள். இருவரும் நாசிகளிடமிருந்து உயிர்தப்பி வந்தவர்கள். இருவரில் இளையவரின் பெயர் பிராங்க் லோவி.

அந்தக் கடையிலிருந்து வளர்ந்ததுதான் வெஸ்ட்பீல்ட் என்ற நிறுவனம். லண்டனின் கிழக்கே, ஈஸ்ட்ஹாம் தமிழர்கள் சனிக்கிழமைகளில் போய்வரும் ஸ்ட்ராட்போர்ட் வெஸ்ட்பீல்டும், நியூயோர்க்கில் உலக வர்த்தக மையம் இருந்த இடத்தில் நிற்கும் அங்காடித் தொகுதியும் இந்த ஒரு பெயரின் கீழ் வந்தவை.

புலம்பெயர்ந்த ஒருவர் வெறுங்கையோடு வந்து கோடீஸ்வரரான கதைகள் எங்கள் மத்தியில் நிறையவே சொல்லப்படுகின்றன. உழைத்தால் உயரலாம் என்பதோடு அவை முடிந்துவிடும். லோவியின் கதையையும் அப்படிச் சொல்லிவிடலாம், பலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால், அப்படிச் சொல்லும்போது ஒரு ரயில் நிலையம் விடுபட்டுப் போகிறது. ஒரு தடுப்பு முகாமும், அவருக்குத் திறந்த கதவு யாருக்கெல்லாம் மூடியிருந்தது என்ற கேள்வியும் சேர்ந்தே விடுபடுகின்றன.

ரயில் சீட்டு வாங்கப் போனவர்

லோவி 1930ஆம் ஆண்டு அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிலாக்கோவோ என்ற சிறு நகரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. யுத்தம் நெருங்க குடும்பம் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டுக்கு இடம்பெயர்ந்தது. சின்ன ஊரைவிடப் பெரிய நகரத்தில் மறைந்து வாழ்வது இலகு என்ற கணக்கு அன்றும் இருந்தது.

1944 மார்ச் 19ஆம் திகதி ஜேர்மன் படைகள் ஹங்கேரிக்குள் நுழைந்தன. நகரத்தைவிட்டு வெளியேற ரயில் சீட்டு வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, தந்தை ஹியூகோ லோவி ரயில் நிலையத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. அப்போது பிராங்குக்கு 13 வயது. ஜன்னலருகே நின்று தந்தையின் வருகையைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிற்காலத்தில் பலமுறை அவர் சொல்லியிருக்கிறார். நிலையத்தில் வைத்தே கைதுசெய்யப்பட்ட தந்தை, நகருக்கு வெளியே கிஸ்டார்ச்சா என்ற இடத்திலிருந்த தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் கிடைத்தது. பின்னர் அதுவும் நின்றுபோனது.

அந்த ஆண்டு மே 15க்கும் ஜூலை 9க்கும் இடையில் மட்டும் ஹங்கேரியிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கொண்டுசெல்லப்பட்டது அவுஷ்விட்ஸ்–பிர்க்கனவ் முகாமுக்கு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதைச் செய்துமுடிக்க ஜேர்மனியரின் ஆட்பலம் மட்டும் போதவில்லை. ஹங்கேரியப் பொலிஸாரும் அரச ஊழியர்களும் பட்டியல் தயாரித்தார்கள், வீடு வீடாகப் போனார்கள், பெட்டிகளின் கதவைப் பூட்டினார்கள். பிராங்கும் தாயும் புடாபெஸ்ட்டிலேயே ஒளிந்தும் இடம் மாறியும் தப்பினார்கள்.

யுத்தம் முடிந்தது. தந்தை என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியவில்லை. மரணச் சான்றிதழ் இல்லை, கண்ணால் கண்ட சாட்சி இல்லை, புதைத்த இடம் இல்லை. வீட்டுக்கு வெளியே போன ஒருவரைப் பற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு எந்தத் தகவலும் இல்லாமல் அந்தக் குடும்பம் வாழ்ந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரை அறிந்த எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

கப்பலும் முகாமும்

1946இல் பதினைந்து வயதுப் பையனாக அவர் பிரான்சிலிருந்து யாகூர் என்ற கப்பலில் ஏறினார். போகும் இடம் அப்போது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த பலஸ்தீனம். அனுமதி இல்லாத பயணம் அது. இன்றைய சொல்லில் சொன்னால் ‘சட்டவிரோதப் படகு’. பிரித்தானியக் கடற்படை கப்பலை மறித்து, அதில் இருந்தவர்களைச் சைப்ரஸ் தீவில் முட்கம்பி வேலிக்குள் அடைத்தது. நாசி முகாம்களிலிருந்து தப்பி ஓராண்டு கடந்தவர்களை மீண்டும் முகாமில் அடைத்தது அன்றைக்கே பெரும் விமர்சனத்தைக் கிளப்பியது. படகில் வருபவர்களை வேறொரு தீவில் அடைத்துவைக்கும் யோசனை நவ்ருவோடும் மானஸோடும் பிறந்ததல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். அவ்விரு தீவுகளிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களில் எங்களவர்களும் உண்டு.

சில மாதங்களின் பின் லோவி பலஸ்தீனத்துக்குள் அனுமதிக்கப்பட்டார். ஹகானா படையிலும், பின்னர் கோலானி படைப்பிரிவிலும் சேர்ந்து 1948 யுத்தத்தில் கலிலேயாவிலும் காஸா பகுதியிலும் போரிட்டார். அதே யுத்தத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர்கள் வீடுவாசல் இழந்து அகதிகளானார்கள். வெற்றிக் கதையாகச் சொல்லும் கட்டுரைகளில் இந்த இடம் ‘அவர் வீரத்தோடு போரிட்டார்’ என்ற ஒரு வரியில் கடந்துவிடும். இடம்பெயர்க்கப்பட்ட ஒருவர் நின்று போரிட்ட மண்ணில் வேறு சிலர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இரண்டும் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவதற்கு எங்களுக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தாயும் உடன்பிறந்தவர்களும் அதற்குள் அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்கள். 1952இல் பிராங்கும் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு விடயத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியா ஆட்களைத் தேடியது. தொழிற்சாலைக்கும் அணைக்கட்டுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பிய அகதிகள் இலட்சக்கணக்கில் உள்ளே எடுக்கப்பட்டார்கள். யூதர்களுக்கு மறைமுகமான கட்டுப்பாடுகள் இருந்தபோதும் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால், அதே 1952இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தமிழர் குடியேற விண்ணப்பித்திருந்தால் அநேகமாக நிராகரிக்கப்பட்டிருப்பார். ‘வெள்ளை அவுஸ்திரேலியா’ கொள்கை நடைமுறையில் இருந்த காலம் அது. 1966இல் தளரத் தொடங்கி 1973இல்தான் அது முற்றாகக் கைவிடப்பட்டது. லோவி கடுமையாக உழைத்தார் என்பதில் சந்தேகமில்லை. உழைப்பதற்கு முதலில் உள்ளே விடவேண்டும் என்பதும் உண்மைதான்.

இறைச்சி வண்டியிலிருந்து காணிக்கு

ஆரம்பத்தில் சின்னச் சின்ன வேலைகள். பிறகு பதப்படுத்திய இறைச்சி வகைகளை வானில் ஏற்றிக் கடை கடையாகப் போட்டுவரும் வேலை. அப்படிப் போய்வரும்போதுதான் ஜோன் சோண்டர்ஸைச் சந்தித்தார். ஹங்கேரியில் யெனோ ஷ்வார்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர், சிட்னியில் உணவுக்கடை வைத்திருந்தவர், லோவியைவிட வயதில் மூத்தவர். இருவரும் பங்காளிகளானார்கள். நகரத்தின் மத்தியில் போட்டி போடாமல், ரயில் பாதை மேற்கே நீளும் பிளக்டவுணைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிமையானது. புதிதாக வந்த ஐரோப்பியக் குடியேறிகள் மலிவான வாடகை தேடி அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள். மாலையில் ரயிலால் இறங்குபவர்களுக்குத் தங்கள் ஊர்ச் சாப்பாட்டுச் சாமான் வேண்டியிருந்தது. பெண்டில் ஹில்லில் இடியப்ப மாவும் மிளகாய்த்தூளும் விற்கும் கடைகள் எப்படி உருவாகினவோ, அதே வழிதான்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் இரண்டாவது கடை திறப்பார்கள். இவர்கள் இருவரும் கடையைவிடக் கடை நிற்கும் நிலத்தில்தான் காசு இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். சுற்றிலும் பண்ணைக் காணிகள். அவற்றை வாங்கித் துண்டு துண்டாகப் பிரித்து வீடு கட்டுபவர்களுக்கு விற்றார்கள். சில கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். வெஸ்ட்பீல்ட் என்ற பெயரே இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான்: சிட்னியின் மேற்கு, அங்கிருந்த வயல். (அந்த வயலுக்கும் ஒரு முன்கதை உண்டு. அது தாருக் பழங்குடி மக்களின் நிலம். 1820களில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து ‘நாகரிகம்’ கற்பித்த பாடசாலை அங்கேதான் இயங்கியது. ‘கறுப்பர் ஊர்’ என்ற பொருள்படும் பிளக்டவுண் என்ற பெயர் அந்தக் காலத்தோடு தொடர்புடையது.)

1959 ஜூலையில் ‘வெஸ்ட்பீல்ட் பிளேஸ்’ திறக்கப்பட்டது. திறந்த முற்றத்தைச் சுற்றிச் சில கடைகளும், பெரிய கடைகளும், ஒரு பல்பொருள் அங்காடியும், கார் நிறுத்த இடமும். இன்றைய கண்ணுக்குச் சாதாரணம். ஆனால், கார் வாங்கத் தொடங்கியிருந்த புறநகர்க் குடும்பங்களுக்கு அதுவொரு புதுமை. அடுத்த ஆண்டே, 1960இல், நிறுவனம் சிட்னி பங்குச்சந்தையில் பதிவானது. 1960களில் நியூசவுத்வேல்ஸ் முழுதும், பின்னர் குயின்ஸ்லாந்து, விக்டோரியா மாநிலங்களிலும் வர்த்தக நிலையங்கள் எழுந்தன. 1977இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் முதலாவது நிலையத்தை வாங்கினார்கள்.

இந்தத் தொழில் எப்படிப் பணம் பண்ணுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இப்போது எழும் அங்காடித் தொகுதிகளும் பெரும்பாலும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன.

ஒரு வர்த்தக நிலையத்தில் பெரிய பல்பொருள் அங்காடியோ புகழ்பெற்ற துணிக்கடையோ கொடுக்கும் வாடகை, அது பிடித்திருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் குறைவு. சனத்தை உள்ளே இழுப்பது அந்தக் கடைதான் என்பதால் அதற்குச் சலுகை. அதைப் பார்க்க வரும் கூட்டம் நடந்துபோகும் வழியில் இருக்கும் சின்னக் கடைகளிடமிருந்துதான் சதுர அடிக்குக் கூடிய வாடகை வரும். பல இடங்களில் அடிப்படை வாடகைக்கு மேல் விற்பனையில் ஒரு வீதமும் கொடுக்க வேண்டும். எனவே, உங்கள் கடையின் கணக்கு கட்டட உரிமையாளருக்கும் தெரியும். ஒப்பந்தம் முடியும்போது எவ்வளவு கேட்டால் நீங்கள் தாங்குவீர்கள் என்பதும் தெரியும். படிக்கட்டு எங்கே வரவேண்டும், கார் நிறுத்துபவர் எந்தக் கடையைத் தாண்டி உள்ளே போகவேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்தே வரையப்படுகின்றன.

வெஸ்ட்பீல்டின் பலம், காணி வாங்குவதிலிருந்து கட்டுவது, வாடகைக்கு விடுவது, துப்பரவு செய்விப்பது வரை எல்லாவற்றையும் தானே செய்தது. கட்டிமுடித்த நிலையத்தின் வாடகையைக் காட்டி அடுத்ததற்குக் கடன் எடுக்கலாம். கட்டடங்களைப் பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய ஒரு நம்பிக்கை நிதியத்துக்கு மாற்றினார்கள். கட்டடம் பங்குதாரர்களுடையது, அதை நிர்வகிக்கும் கட்டணம் லோவியின் நிறுவனத்துக்கு. மற்றவர்களின் பணத்தில் வளர்ந்து, கட்டுப்பாட்டைத் தன் கையிலேயே வைத்திருக்கும் வழி இது.

இதன் மறுபக்கம் வீதியோரக் கடைகள் செத்துப்போனது. அவுஸ்திரேலியப் புறநகர்களின் பழைய கடைத்தெருக்கள் பல, பக்கத்தில் ஒரு வெஸ்ட்பீல்ட் வந்ததும் வெறிச்சோடின. உள்ளே போன சிறு கடைக்காரர்களுக்கோ வாடகைச் சுமை. சின்னக் கடைக்காரர்களுக்குக் கட்டட உரிமையாளர்களிடமிருந்து ஓரளவு பாதுகாப்புக் கொடுக்க நியூசவுத்வேல்ஸ் அரசு 1994இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சின்னக் கடையில் தொடங்கிய ஒருவர் கட்டியெழுப்பிய தொழிலிடமிருந்து சின்னக் கடைக்காரர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் தேவைப்பட்டது.

எல்லாமே வெற்றியாகவும் இருக்கவில்லை. 1987இல் தொலைக்காட்சித் துறைக்குள் நுழைந்து சனல் 10 வலையமைப்பை வாங்கினார். சில வருடங்களிலேயே பெரும் நட்டத்தோடு கைகழுவினார். தெரியாத தொழிலில் கைவைத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்ட தவறு அது. அதே காலப்பகுதியில்தான் சோண்டர்ஸும் பிரிந்து போனார். முப்பது வருடக் கூட்டு முடிந்தது. சோண்டர்ஸ் பின்னர் 1992இல் திறக்கப்பட்ட சிட்னி யூத அருங்காட்சியகத்தை நிறுவ முன்னின்றார்.

கலிபோர்னியாவில் வந்த தகவல்

1990களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் லோவியின் மகன் ஒருவரை வயதான ஒரு மனிதர் அணுகினார். நீங்கள் ஹியூகோ லோவியின் உறவா என்று கேட்டார். அவர் ஹியூகோவோடு அதே ரயிலில் பிர்க்கனவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அங்கே என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்.

ரயிலிலிருந்து இறங்கியவர்களிடம் கையிலிருந்த பொருட்களையெல்லாம் கீழே போடச் சொன்னார்கள். ஹியூகோவின் பையில் தொழுகைச் சால்வையும் வழிபாட்டுப் பொருட்களும் இருந்தன. அவர் பையை விடவில்லை. காவலர்கள் பறித்தெறிந்தார்கள். மீண்டும் போய் எடுத்தார். அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார்.

அந்தச் செய்தியைக் கேட்டபோது பிராங்க் லோவிக்கு அறுபது வயது கடந்திருந்தது. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். தந்தையைத் தேடும் வசதியும் செல்வாக்கும் அவருக்கு எப்போதோ வந்துவிட்டன. ஆனாலும், பதில் எந்த ஆவணத்திலிருந்தும் வரவில்லை. தற்செயலாக உயிர்தப்பிய ஒரு சாட்சியின் வாயிலிருந்துதான் வந்தது. சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே விசாரணை வேண்டும் என்று எங்கள் தாய்மார் கேட்பதன் அர்த்தம் இதுதான். லோவியின் குடும்பத்துக்கு வாய்த்த தற்செயல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் ஹங்கேரிய யூதர்களைக் கொண்டுசெல்லப் பயன்படுத்திய வகையைச் சேர்ந்த ஒரு பழைய சரக்கு ரயில் பெட்டியைத் தேடிப்பிடித்துத் திருத்துவித்தார். 2009இல் அது பிர்க்கனவில், ஆட்களை இறக்கித் தரம்பிரித்த அதே மேடையில் நிறுத்தப்பட்டது. ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அனைவரினதும் நினைவாக இன்றும் அது அங்கே நிற்கிறது. 2013இல் அந்த இடத்துக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தந்தையின் கதையை லோவி பகிரங்கமாகச் சொன்னார்.

கால்பந்தும் வரியும்

லோவியின் பொதுவாழ்வில் கால்பந்துக்குத் தனி இடம் உண்டு. அவுஸ்திரேலியாவில் கால்பந்து நீண்டகாலம் குடியேறிகளின் விளையாட்டாகவே இருந்தது. கிரேக்கர், குரோஷியர், இத்தாலியர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கழகம். லோவி யூதர்களின் ஹக்கோவா கழகத்தை நடத்தியவர். 2003இல் நாட்டின் கால்பந்து நிர்வாகத்தின் தலைவரானார். 1974க்குப் பிறகு முதன்முறையாக அவுஸ்திரேலியா 2006 உலகக்கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது அவருடைய காலத்தில்தான். ஆனால், 2005இல் தொடங்கிய புதிய தேசிய லீக்கில் பழைய சமூகக் கழகங்களுக்கு இடமில்லை. 2014இல் புதிய கழகங்கள் இன அடையாளத்தைக் குறிக்கும் பெயர், சின்னம் வைப்பதையும் நிர்வாகம் தடுத்தது. குடியேறிகளின் கழகத்தில் வளர்ந்தவர் தலைமையிலேயே இது நடந்தது. 2022 உலகக்கிண்ணத்தை நடத்தும் உரிமைக்காக 4 கோடி டொலருக்கு மேற்பட்ட அரச பணம் செலவிடப்பட்டது. 2010 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அவுஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது ஒரேயொரு வாக்கு.

2008இல் அமெரிக்க செனட் உபகுழு ஒன்று லீக்டென்ஸ்டைன் வங்கி ஒன்றின் இரகசியக் கணக்குகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் லோவி குடும்பத்தின் பெயரும் இருந்தது. தவறேதும் செய்யவில்லை, அந்தப் பணம் இஸ்ரேலில் தர்ம காரியங்களுக்குப் போனது என்று லோவி மறுத்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை.

உலக வர்த்தக மையத்தின் கடைப்பகுதியை 2001 ஜூலையில் 99 வருடக் குத்தகைக்கு வெஸ்ட்பீல்ட் எடுத்தது. ஏழு வாரங்கள் முடியும் முன்னரே கட்டடம் இல்லை. பதினைந்து ஆண்டுகளின் பின், 2016 ஓகஸ்டில், அதே இடத்தில் புதிய தொகுதி திறக்கப்பட்டது. இதற்கிடையில் 2008இல் மேற்கு லண்டனிலும், 2011இல் ஒலிம்பிக் பூங்காவின் வாசலில் ஸ்ட்ராட்போர்டிலும் பெரும் நிலையங்கள் திறக்கப்பட்டன.

2014இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து நிலையங்கள் சென்டர் குறூப் என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டன. 2017 டிசம்பரில், மிகுதியாக இருந்த அமெரிக்க, பிரித்தானிய நிலையங்களை ஐரோப்பாவின் யுனிபெய்ல்–ரொடாம்கோ நிறுவனத்துக்கு விற்பதாக லோவி குடும்பம் அறிவித்தது. கடன்களையும் சேர்த்து மதிப்பு ஏறத்தாழ 2,470 கோடி அமெரிக்க டொலர். 2018 ஜூனில் கைமாற்றம் முடிந்தது. இணைய வர்த்தகம் கடைகளை அரித்துக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டே வருடத்தில் கொவிட் வந்து அங்காடிகள் மூடப்பட்டபோது வாங்கியவர்களின் பங்கு விலை சரிந்தது. அவர்கள் அமெரிக்க நிலையங்களைப் பின்னர் விற்கத் தொடங்கினார்கள். லோவி இஸ்ரேலில் குடியேறினார்.

பிளக்டவுணில் இன்று வெஸ்ட்பீல்ட் இல்லை. ரயில் நிலையத்துக்கு அருகே இப்போது இருக்கும் பெரிய வர்த்தக நிலையம் வேறு பெயரோடு வேறொருவருக்குச் சொந்தமானது.